குங்குமம் பட்ட பவுன்

அவரைப் பார்க்கப் போகும்போது புதுச் சேலை உடுத்திக்கொண்டு போகக்கூடாது. போனால், "ஏனுங்க, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பார். விசேஷம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் விடமாட்டார். "விசேஷம் இல்லாம எதுக்குங்க புதுசு?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். எதையோ மூடி மறைக்கத்தான் புதுசு உடுத்தி வந்திருக்கிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாலும், எதற்காக எழுதினேன், யார் எழுதச் சொன்னார்கள் என்று அங்கிருந்தே விசாரிப்பார். குமாரபாளையத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்தவர். தறிப் பக்கம் போகாமல் சின்ன வயதிலேயே பழைய லாரி புரோக்கராகிவிட்டார். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் அந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, வயதான காலத்தில் ஓமலூரில் வீடு கட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பிடித்த பைத்தியம் பழைய தங்கக் காசு. அந்தப் பைத்தியம்தான் அவரை என்னிடம் கொண்டுவந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் என் அத்தா ஆரம்பித்த போட்டோ ஸ்டுடியோவை நான் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பதைவிட இழுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்ட காலத்தில் பாஸ்போர்ட் போட்டோவை நம்பி எத்தனை நாள் கடை திறப்பது? எப்படியாவது நாலு பேரை உள்ளே வரவைக்கலாம் என்று சுவருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் அவர் முதல் தடவையாகப் படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"எந்தப் பக்கமுங்க ஒழுகுது?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வடக்கு மூலையில் ஒழுகத்தான் செய்தது. அந்தக் கறையை மறைக்கத்தான் பெயிண்ட்டே அடித்தேன். ஆனாலும் முன்பின் தெரியாத ஆள் வந்த வாசலிலேயே அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "உங்களுக்கு போட்டோ எடுக்கணுமா, வீடு வாடகைக்குப் பார்க்குறீங்களா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

அவருக்குக் காசு போட்டோ எடுக்க ஆள் வேண்டியிருந்தது. பழைய தங்கக் காசு சேர்க்கிறவர்கள் அதை வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்குவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே காசு பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி அனுப்புவார்கள். அந்த மார்க்கைப் பொறுத்துத்தான் காசுக்கு மதிப்பு. யாராவது தேய்த்ததோ பாலிஷ் போட்டதோ தெரிந்துவிட்டால் மார்க்கே கிடையாது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அது எடைக்குப் போகிற தங்கம்தான், கூடக் கொஞ்சம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"சுத்தமா வெச்சுக்கிறது ஒரு தப்பாண்ணே?" என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்துனா தப்பில்லீங்க. தேய்க்கறதுதான் தப்பு. தேய்ச்சா மேல் தோலு போயிரும். போன தோலு திரும்ப வருமுங்களா?" என்றார்.

அதை எனக்குக் காட்டவும் செய்தார். ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு காசை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், தேய்க்காத காசில் வெளிச்சம் காற்றாடி மாதிரி கூடவே சுற்றும். தேய்த்த காசில் சுற்றாது. மொத்தமாக ஒரே பளபளப்பாக நிற்கும். உற்றுப் பார்த்தால் முடி முடியாகக் கோடுகள் தெரியும். முதல் தடவை அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

லாரியிலும் அவருக்கு இதே கணக்குத்தான். வாட்டர் வாஷ் அடித்துப் பெயிண்ட் போட்டு மாலை போட்டு நிற்கும் வண்டிப் பக்கமே போகமாட்டாராம். புழுதியோடு வந்து நிற்கிற வண்டிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துவிடுவாராம். "சேஸுல ஒட்டியிருக்கிற மண்ணப் பாத்தா எந்த ரோட்டுல ஓடுச்சுன்னு தெரியுமுங்க. கழுவுனவன் எதையோ கழுவியிருக்கான்" என்பார். சரி, அழுக்கு இருந்தால் நம்பிவிடுவாரா என்றால் அதுவும் இல்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு வியாபாரி ஒரு காசைக் கொண்டுவந்தான். எழுத்துச் சந்துகளில் எல்லாம் கறுப்பாக அழுக்கு இருந்தது. எனக்கு அது நல்ல காசாகத்தான் தெரிந்தது. இவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அழுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்குதேப்பா, எத்தன நாளா வெளக்குக் கரி பூசுன?" என்று கேட்டார். அவன் காசை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். பளபளப்பையும் நம்பமாட்டார், அழுக்கையும் நம்பமாட்டார்.

என்னையும் அவர் சும்மா நம்பவில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ தடவை வந்தபோது, ஒரு கவரை மேஜைக்குக் கீழே விழவிட்டுவிட்டுப் போய்விட்டார். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு தங்கக் காசு. படியில் விழுந்தடித்து ஓடி, பஸ் ஏறப் போனவரை நாலு ரோட்டுப் பக்கம் பிடித்துக் கொடுத்தேன். மூச்சு வாங்க நான் நிற்க, அவர் நிதானமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பித்தளைங்க அம்மிணி, மேல தங்கத் தண்ணி காட்டுனது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டில் வைத்தே நன்றாகக் கேட்டுவிட்டேன். என் அத்தா பேர் சொன்னால் இந்த டவுனில் கடனுக்குப் பொருள் தருவார்கள், என்னைச் சோதித்துப் பார்க்க நீங்கள் யார் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோவப்படாதீங்க. இனிமேச் சோதிச்சுப் பாக்கமாட்டேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்றவர்களிடம் நூறு கேள்வி கேட்கிறவர், என் கடையில் மட்டும் கேட்பதை விட்டுவிட்டார். சேலம், நாமக்கல், ஆத்தூர் என்று காசு சேர்க்கிறவர்களை எல்லாம் "அந்த அம்மிணிகிட்டப் போங்க" என்று அனுப்பினார். என் கடை மறுபடி மூச்சு விட்டது அவரால்தான். இதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் நான் செய்ததற்கு இதுதான் காரணம்.

நல்ல மனிதரா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு வராது. ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் தன் தாத்தாவுடைய காசைக் கொண்டுவந்தார். இவரிடம் காட்டப்போகிறோமே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, கிளம்புகிற அன்று காலையில் டூத் பேஸ்ட் போட்டு நன்றாக விளக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இவர் வாங்கி, விளக்கடியில் ஒரு சாய்ப்புச் சாய்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். "நேத்து வந்திருந்தீங்கன்னா இது காசு. இன்னைக்கு வெறும் தங்கமுங்க. எடைக்குப் போட்டுருங்க" என்றார். அந்த அம்மா என் முன்னாலேயே அழுதுவிட்டார். மகளைக் காலேஜில் சேர்க்க அந்தக் காசைத்தான் நம்பி வந்திருந்தார். இவர் சொன்னது உண்மைதான், ஆனால் உண்மையை அப்படியா சொல்வார்கள்? அன்றைக்கு நான் இவருக்கு டீ சொல்லவில்லை.

அவருடைய மருமகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ராசிபுரத்துத் தறிக் குடும்பத்துப் பெண். மனைவி இறந்த பிறகு ஓமலூர் வீடு முழுக்க அவள் பொறுப்பில்தான் இருந்தது. மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாசக்கணக்காகும். அவளைத் தேர்ந்தெடுத்த கதையை அவரே பெருமையாகச் சொல்வார். ஏழெட்டு இடம் பெண் பார்த்தாராம். எல்லா வீட்டிலும் புதுச் சுண்ணாம்பு, புதுத் திரைச்சீலை. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாராம். ராசிபுரத்தில் மட்டும் வாசலில் பாவு நூல் அப்படியே கிடந்ததாம், பெண்ணின் அம்மா தலையில் பஞ்சோடு வந்து வாங்க என்று கும்பிட்டாராம். "அன்னைக்கே முடிவு பண்ணிட்டனுங்க, இவதான் என்ற ஊட்டுக்கு வர்றவன்னு. அவகிட்ட ஒளிவு மறைவே கெடையாது" என்பார். அவளை "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்தது ராணி தலை போட்ட ஒரு பவுன். வெள்ளைக்காரன் காலத்துக் காசு. தலைப் பக்கம் ராணி, பூப் பக்கம் குதிரைக்காரன். யாரோ ஒரு வீட்டில் மடித்த காகிதத்துக்குள் இருந்ததை அந்தக் காகிதத்தோடேயே வாங்கி, பல வருஷமாக அதே காகிதத்தில் வைத்திருந்தார். கை படக்கூடாது என்று வீட்டில் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார். இந்த ஒன்றை அனுப்பி நல்ல மார்க் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அனுப்புவதற்கு முன் போட்டோ எடுக்க என்னிடம் கொண்டுவந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

கையுறை போட்டுக்கொண்டு நான் காகிதத்தைப் பிரிக்கப்போகும் நேரம் பார்த்துக் கீழே ஹாரன் சத்தம். யாரோ ஒருத்தருடைய வண்டியை மறித்துக்கொண்டு இவர் கார் நின்றிருந்தது. "பாத்துக்குங்க அம்மிணி" என்று இறங்கிப் போனார். காகிதத்தைப் பிரித்தேன். ராணியின் கன்னத்தில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

அது எப்படி வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். தங்கம் வாசல்படி தாண்டிப் போகும்போது பூசை மாடத்தில் வைத்து, பொட்டு வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர் மருமகள் பிறந்த வீட்டு வழக்கம். அடகுக்குப் போனாலும் பொட்டு உண்டாம். போன தங்கம் திரும்பி வரும் என்று ஒரு நம்பிக்கை. முந்தின நாள் சாயங்காலம் அவர் காகிதத்தோடு பூசை மாடத்தில் வைத்ததை, காலையில் அவள் பிரித்துப் பொட்டு வைத்து, பழையபடியே மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோ கெட்டுவிடும் என்பது மட்டும்தான். லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்தேன். ஒரு துடைப்பில் போகவில்லை, கன்னம் முழுக்க ஈஷிக்கொண்டது. பதறிவிட்டேன். வாயால் ஊதி ஊதி, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். குங்குமத்தில் மண் மாதிரி நரநரப்பு இருந்தது துணி வழியாகவே விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தேய்த்தேன். பொட்டு போய்விட்டது. காசு பளிச்சென்று இருந்தது. அவ்வளவு நாள் அவரோடு பழகியும், அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது சந்தோஷம்தான் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. படம் எடுத்து, காசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

அவர் மேலே வரும்போது ஹாரன் அடித்தவன் மேல் கோபமாக இருந்தார். "இத்தன கடை இருக்குது, சரியா நான் மேல வந்தப்புறம் எதுக்கு அடிக்கறான்? ஏதோ இருக்குதுங்க" என்று அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதுங்களா?" என்றார். முடிஞ்சதுண்ணே என்றேன். உறையை வாங்கி, பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர் அன்றைக்கு என்னைச் சந்தேகப்படவில்லை.

இரண்டு மாசத்துக்கு மேல் கழித்துப் பெட்டி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். மார்க் இல்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற சீட்டு மட்டும் இருந்தது. அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கத்தவில்லை. விளக்கைப் போடச் சொன்னார், பெட்டியோடு சாய்த்துப் பார்த்தார். ராணியின் கன்னத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. அப்புறம் பெரிய லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "செவப்பா ஏதோ இருக்குதுங்க" என்றார். ராணியின் கொண்டைக்கு அடியில், மடிப்பில், ஒரு பொட்டுத் தூள்.

"போட்டோ எடுக்கறப்ப இதுல பொட்டு கிட்டு இருந்துச்சுங்களா அம்மிணி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். இருந்தது, நான்தான் துடைத்தேன் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். அவர் இனிமேல் ஒருத்தரையும் இந்தப் படி ஏறவிடமாட்டார் என்பது மட்டும்தான் என் புத்தியில் ஓடியது.

"நான் ஒண்ணும் பார்க்கலண்ணே" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் சொல்லை எடுத்துக்கொண்டு ஓமலூருக்குப் போய், அதை வைத்து மருமகளை விசாரித்தார்.

அவள் பொட்டு வைத்ததை உடனே ஒத்துக்கொண்டிருக்கிறாள். தேய்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். வைத்த பொட்டு போட்டோக் கடைக்கு வருவதற்குள் எங்கே போனது என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? இதையெல்லாம் அவரே என்னிடம் வந்து சொன்னார். "பொட்டு வெச்சுட்டுத் தப்போன்னு பயந்து தொடச்சிருக்கா. வெளக்கியும் இருக்கா. போனது போச்சுங்க, காசு பெருசில்ல. ஒத்துக்க மாட்டீங்கறா பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. ஒளிவு மறைவே இல்லாத புள்ளைன்னு நெனச்சனே" என்றார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு டீ சொன்னேன்.

அப்புறம் வீட்டில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. பீரோ சாவி அவள் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்குப் போனது. பூசை அறையைப் பூட்டினார். அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தால், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். திட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். வடக்கே இருந்த மகன் போனில் அவளிடம், "அப்பாகிட்ட ஒத்துக்கிட்டுப் போயேன்" என்றிருக்கிறான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போய் மூன்று மாசம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பிப் பஸ் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கடையைத் திறந்ததும் அவர் அனுப்பிய ஆள் காசோடு உட்கார்ந்திருப்பான். தொழுகையில் நிற்கும்போதுகூட அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமலூருக்குப் போனேன். வீடு தூசி படிந்து கிடந்தது. அவர் கூடத்தில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் காசைத் தேய்ச்சது நான்தான்" என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன், லென்ஸ் துணி, ஈஷிக்கொண்ட குங்குமம், ஒன்று விடவில்லை.

அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மருமவ உங்களுக்குப் போன் பண்ணுனாளுங்களா?"

"இல்லண்ணே. அந்தப் பொண்ணு நம்பர்கூட என்கிட்ட இல்ல."

"அன்னைக்குக் கேட்டப்பப் பாக்கலன்னீங்க."

"பொய் சொல்லிட்டேன். கடைக்கு ஆள் அனுப்பறத நிறுத்திடுவீங்களோன்னு பயம்."

"இப்ப அந்தப் பயம் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர் மேல் வைத்தார். பிறகு, "அவ முந்தாநாளு ஒத்துக்கிட்டாளுங்க அம்மிணி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் டீப்பாய் மேல் வைத்தார். நான் இருப்பதை அவளிடம் சொல்லவில்லை.

"சாமி, அந்தக் காச எதுல தேய்ச்சேன்னு சொன்ன?"

"விபூதிலீங்க மாமா."

"எதால தேய்ச்ச?"

"பாப்பாவோட பழைய பல்லு பிரஷ்ஷாலீங்க."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம காலைலீங்க. பொட்டு வெச்சது தப்போன்னு பயந்துக்கிட்டுத் தேய்ச்சுட்டனுங்க." பாடம் ஒப்பிக்கிற குரல். பின்னால் குழந்தை அழுதது. "மாமா, வண்டி எப்பங்க அனுப்புவீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு அனுப்பறேன் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பிரஷ் வரைக்கும் சொல்றா. நீங்களும் துணி வரைக்கும் சொல்றீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யி. யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொன்னால் அது சத்தியம். ஆனால் நாளைக்கு ராசிபுரத்துக்கு வண்டி போகாது. ஒத்துக்கொண்டதும் பொய், அதற்கு முன்னால் சொன்னது என்னவோ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பெண் வீடு திரும்ப ஒரு வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்று இப்போது எழுதுகிறேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

"அவங்க சொன்னதுதாண்ணே சரி. பாவமேன்னு நான் செஞ்சதாச் சொன்னேன்" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மறுநாளே வண்டி போனது, அவள் வந்துவிட்டாள். சாவியும் திரும்ப அவளிடமே வந்தது. அவர் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். என் கடைக்கே ஒரு தடவை அவளையும் கூட்டிக்கொண்டு வந்து, அங்கிருந்த நாலு பேரிடம், "காசு எப்படிக் கெட்டுப் போகும்னு கேட்டீங்களே, இவகிட்டக் கேளுங்க" என்று சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள், விபூதி, பிரஷ், வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் கதையில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. நான் விளக்கைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். ஒன்று மட்டும் மாறியிருந்தது. அதற்குப் பிறகு என் கடையிலும் அவர் காசைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். நான் போய்விட்டு வந்தேன். சில மாசம் கழித்து அந்தப் பெண் ஒரு பையோடு என் கடைக்கு வந்தாள். காசுகளை விற்றுவிடலாம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறாராம், எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியாக ராணி தலை வந்தது. கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இனிமேல் வண்டி நின்றுபோகும் என்ற பயம் யாருக்கும் இல்லை. அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓமலூர் வீட்டில் அவள் பேசியதைப் போனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னேன். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு மேஜைக்கு மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. நான்தானுங்க தேய்ச்சேன். மொதல்ல இல்லைன்னுதான் சொன்னேன், பயம். அப்புறம் நெனச்சுப் பாக்கப் பாக்க எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. பாப்பா பிரஷ்ஷு ரோஸ் கலரு. விபூதி பத்தலைன்னு இன்னும் ஒரு சிட்டிகை எடுத்தனுங்க. அந்த நரநரப்பு இன்னும் எங்கையில இருக்குதுங்க."

"இல்லம்மா. அது என் கை" என்றேன்.

அவள் கேட்கவில்லை. "மாமா எத்தனையோ தடவ மன்னிச்சுட்டேன் மன்னிச்சுட்டேன்னு சொன்னாருங்க. எனக்குத்தான் மனசு ஆறல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அந்தக் கோடு தெரியாம எடுக்க முடியுமுங்களா அக்கா? பாக்கறப்பல்லாம் சங்கடமா இருக்குது."

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கோடு தெரியாது. தள்ளி வைத்து எடுத்துக் கொடுத்தேன்.